மாலா-டியும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மாலா-டி விளம்பரம் மறந்திருக்காது. அது வரும்போதெல்லாம் அப்பாவுக்குத் தண்ணீர் தாகம் எடுக்கும், அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ ஞாபகம் வந்துவிடும். பிள்ளைகள் நாங்கள் மட்டும் கண் கொட்டாமல் பார்ப்போம். அது என்ன மாத்திரை என்று நான் கேட்டதற்கு எங்கள் நாகர்கோவில் வீட்டில் கிடைத்த பதில், 'தலைவலி மாத்திரை'. வீட்டுக்கு வீடு பதில் மாறியிருக்கும். வயிற்றுவலி, சத்து மாத்திரை என்றெல்லாம் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நான் இருக்கும் காக்ஸ் டவுனில் மார்க்கெட்டை ஒட்டி மருந்துக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய கண்டோன்மெண்ட் பகுதி என்பதால் கடையில் தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் ஒரே நேரத்தில் ஓடும். ஆனால் இந்த ஒரு பொருளை மட்டும் யாரும் எந்த மொழியிலும் கேட்டு நான் பார்த்ததில்லை. விரலைக் காட்டுவார்கள், கடைக்காரர் பேப்பரில் சுற்றிக் கொடுப்பார், முடிந்தது. நாலு பாஷை தெரிந்தும் வாய் திறக்க முடியாத சமாச்சாரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை வேலை செய்யுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒழுங்காகப் போட்டால் நன்றாகவே செய்யும். நான் எழுத வந்தது வேறு. ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு உடலுறவில் ஆசை குறையுமா? குறையும் என்றால் அதை ஏன் நம்மிடம் யாரும் சொல்வதில்லை? (வீட்டுப் பெரியவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கும் நேரமாக இருந்தால் ராத்திரி வந்து படியுங்கள்.)

நான் டாக்டர் இல்லை. மருந்துச் சோதனைகளில் வரும் எண்களை அடுக்கி டேபிள் போட்டுக் கொடுக்கும் வேலை. பெங்களூரில் இந்த வேலை செய்யும் தமிழர்கள் ஒரு பஸ் கொள்ளாது. இத்தனை வருடத்தில் இந்த வேலை எனக்குக் கற்றுக் கொடுத்த ஒரே ஞானம் இதுதான்: கேள்வித்தாளில் இல்லாத கேள்விக்கு டேபிளில் பதில் வராது. பதில் இல்லாவிட்டால் பிரச்சினையே இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடம் முன்னால் எங்கள் மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள். வேலூர் பக்கம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. இருவருக்கும் ஐ.டி. வேலை. குழந்தை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவெடுத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் துணி காயப்போடும்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசத்துலேருந்து எனக்கு எதுவுமே தோண மாட்டேங்குது. அவரு நல்லவருதான். ஆனா பக்கத்துல வந்தாலே எரிச்சலா இருக்குது. என்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன்." டாக்டரிடம் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். "இதெல்லாம் மனசுல வர்றதும்மா, ஒரு குழந்தை பெத்துக்கோ, சரியாயிடும்" என்று பதில் வந்ததாம். குழந்தை வேண்டாம் என்று மாத்திரை வாங்கப் போனவளுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் அது.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

நிற்க. அந்த அட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என், கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் மாலா-டி, இரண்டிலும் சரக்கு ஒன்றுதான். 28 மாத்திரை. அதில் 21-ல் 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், 0.03 மில்லிகிராம் எத்தினைல் எஸ்ட்ராடியால். மீதி 7-ம் வெறும் இரும்புச்சத்து.

இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சுவீடனில் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா இன்ஸ்டிடியூட் ஆராய்ச்சியாளர்கள் இதே இரண்டு மருந்தை, இதே அளவில் எடுத்துத்தான் ஒரு சோதனை செய்தார்கள். 18 முதல் 35 வயது வரையுள்ள ஆரோக்கியமான பெண்கள் 340 பேர். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மூன்று மாதம். 2016-ல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டால், உண்மை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஆசை, கிளர்ச்சி, இன்பம் மூன்றும் குறைந்திருந்தன. உச்சம் அடைவதிலும் தன்னைப் பற்றிய எண்ணத்திலும் வித்தியாசம் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிப் போட்ட மொத்த மதிப்பெண்ணிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம், படிக்கிறார்கள். மொத்த மதிப்பெண் மாறவில்லை, ஆகவே கவலை வேண்டாம் என்று ஒரு கட்சி. மாத்திரை பெண்ணின் ஆசையைக் கொன்றுவிடுகிறது என்று இன்னொரு கட்சி. இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. சராசரியில் குறைவு சிறியதுதான். ஆனால் சராசரி என்பது யாருடைய வீட்டிலும் குடியிருப்பதில்லை. சராசரியில் ஒரு சின்னப் புள்ளி இறங்கினால், பலருக்கு ஒன்றுமே ஆகாமல் சிலருக்கு நிறைய இறங்கியிருக்கலாம். என் மாடிப் பெண் மாதிரி.

ஏன் குறைய வேண்டும்? டெஸ்டோஸ்டிரோன் ஆணின் சொத்து என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பெண்ணின் சூலகமும் அட்ரினல் சுரப்பியும் அதைக் கொஞ்சமாகச் சுரக்கின்றன. பெண்ணின் ஆசையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. மாத்திரை செய்வது சூலகத்தை ஓய்வெடுக்க அனுப்புவது. சூலகம் ஓய்வெடுத்தால் அங்கே சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும் குறையும். அது முதல் அடி. இரண்டாவது, மாத்திரையில் இருக்கும் எஸ்ட்ராடியால் கல்லீரலை முடுக்கிவிட்டு ஒரு புரதத்தை அதிகமாகச் செய்ய வைக்கிறது. அந்தப் புரதத்தின் வேலையே ரத்தத்தில் அலையும் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துக் கட்டி வைப்பதுதான். கட்டப்பட்டது போக மிச்சம் சுதந்திரமாகத் திரிவது மட்டுமே உடம்பில் வேலை செய்யும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் வந்த ஒரு கட்டுரை, இப்படித் திரியும் டெஸ்டோஸ்டிரோன் மாத்திரையால் சராசரியாக 61 சதவீதம் குறைவதாகக் கணக்குச் சொன்னது.

அப்படியானால் மாத்திரை சாப்பிடும் எல்லோருக்கும் ஆசை பாதிக்கு மேல் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. அங்கேதான் சுவாரசியம். 2013-ல் வந்த இன்னொரு தொகுப்பு 36 ஆய்வுகளை, எட்டாயிரத்துச் சொச்சம் மாத்திரைப் பெண்களைக் கணக்கில் எடுத்தது. 85 சதவீதம் பேருக்கு ஆசை மாறவில்லை, அல்லது கூடியிருந்தது. 15 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது. கூடுவதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நாள் தள்ளிப் போய்விடுமோ என்று ஒவ்வொரு மாதமும் காலண்டரைப் பார்த்துப் பயந்தவளுக்கு அந்தப் பயம் போனாலே பாதி விடுதலை. நெஞ்சில் பயத்தை வைத்துக்கொண்டு ஆசை எங்கே வரும்?

ஆனால் 15 சதவீதம் என்பது சின்ன எண் அல்ல. ஏழு பேரில் ஒருத்தி. என் ஆபீஸ் வேனில் எட்டுப் பெண்கள் வருகிறோம்.

இதையெல்லாம்விட என்னை யோசிக்க வைத்தது 1995-ல் வெளியான ஒரு பழைய ஆய்வு. ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் பிலிப்பைன்ஸின் மணிலாவிலும் ஒரே நேரத்தில் நடத்தினார்கள். மொத்தம் 150 பெண்கள். எல்லோருமே ஏற்கெனவே கருத்தடை ஆபரேஷன் செய்தவர்கள், அல்லது கணவர் வாசக்டமி செய்துகொண்டவர். அதாவது கர்ப்ப பயமே இல்லாதவர்கள். எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு பாருங்கள்! பயம் போவதால் வரும் நன்மை கணக்கைக் குழப்பாது. மாத்திரை மட்டும் என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், கூட்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட எடின்பரோ பெண்களுக்கு ஆசை தெளிவாகக் குறைந்திருந்தது. மணிலாப் பெண்களிடம் அப்படி எதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

ஒரே மாத்திரை, இரண்டு ஊர், இரண்டு பதில். ஆசிய உடம்பு வேறு என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இருக்கலாம். ஆனால் சோதனை தொடங்கும் முன்பே இரண்டு ஊர்ப் பெண்களும் தங்கள் தாம்பத்தியம் பற்றிச் சொன்னது வெவ்வேறாக இருந்தது. எடின்பரோக்காரிகள் அதிக ஆர்வம் இருப்பதாகச் சொன்னவர்கள். எனக்குத் தோன்றுவது இதுதான். தன் ஆசையைக் கவனித்துப் பழகியவளுக்குத்தான் அது குறைந்தால் தெரியும். கணவன் கூப்பிடும்போது போவதுதான் தாம்பத்தியம் என்று வளர்க்கப்பட்டவளிடம் போய் 'உனக்கு விருப்பம் குறைந்ததா' என்று கேட்டால் என்ன சொல்வாள்? அவள் விருப்பத்துக்கு அளவுகோல் யார் கொடுத்தார்கள்?

நம் ஊர் மணிலாவா, எடின்பரோவா என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை :-)

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். குடும்பக் கட்டுப்பாட்டில் நாம் ஒன்றும் பின்தங்கியவர்கள் இல்லை. 1930-லேயே மைசூர் அரசாங்கம் கருத்தடைக்கென்று கிளினிக் திறக்க உத்தரவு போட்டது. உலகத்திலேயே ஓர் அரசாங்கம் இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்பார்கள். (கொசுறுத் தகவல்: காக்ஸ் டவுன் அதற்குள் வராது. 1947 வரை இந்தப் பகுதி பிரிட்டிஷார் கையில் இருந்தது.) அதே காலத்தில் பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலம், குடும்ப வறுமை, நாட்டுப் பொருளாதாரம் என்று காரணம் சொன்னபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். இன்றைக்குப் படித்தாலும் தூக்கிவாரிப் போடும்.

1935 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் வந்து வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். காந்திக்குக் கருத்தடைச் சாதனங்களே ஆகாது. குழந்தை வேண்டும்போது மட்டும் சேரலாம், மற்ற நேரத்தில் அடக்கம், மனைவிமார்கள் கணவனை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். சாங்கர் விடவில்லை. பெண்ணுக்கும் ஆணைப் போலவே ஆசை உண்டு, அவளே விரும்பும் நேரங்கள் உண்டு என்று வாதாடினார். இருவரும் ஒத்துப்போகாமலே பிரிந்தார்கள். பிறகு அம்மையார் திருவனந்தபுரத்தில் நடந்த அகில இந்திய மாதர் மாநாட்டுக்கும் போனார். அந்த நாளில் எங்கள் நாகர்கோவில் திருவிதாங்கூரில்தான் இருந்தது. அங்கிருந்து மாநாட்டு ஊர் கூப்பிடு தூரம். எங்கள் பாட்டிகள் காதில் ஒரு வார்த்தையாவது விழுந்திருக்குமா?

வார்தாவில் சாங்கர் எழுப்பிய அந்த விஷயம் அதற்குப் பிறகு நம் திட்டங்களில் எங்குமே வரவில்லை. 1952-ல் அரசாங்கத் திட்டம் வந்தது, சிவப்பு முக்கோணம் வந்தது, 'நாம் இருவர் நமக்கு இருவர்' வந்தது. எல்லாமே தலை எண்ணிக்கை. பெண் எத்தனை பெறுகிறாள் என்று கேட்டார்கள். அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

கேட்காமலே ஊசியும் போட்டார்கள். 1985-ல் ஐதராபாத் பக்கத்தில் பட்டஞ்செருவில், சோதனையில் இருந்த ஒரு கருத்தடை ஊசியை, நெட்-என் என்று பெயர், கிராமத்துப் பெண்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். இது சோதனை என்றே அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்ற பெண்கள் அமைப்பு கண்டுபிடித்தது. 1986-ல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. பிறகு வேறொரு ஊசி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் டி.எம்.பி.ஏ., 2017-ல் 'அந்தரா' என்ற பெயரில் அரசாங்கத் திட்டத்துக்குள் வந்தது. அமெரிக்காவில் அந்த ஊசியோடு தரும் விவரத் தாளில் ஆசை குறைவதும் பக்க விளைவுப் பட்டியலில் இருக்கிறது.

நெட்-என் என்ற பெயரைச் சொன்னேன் இல்லையா, அதற்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. அதே மருந்தை உலக சுகாதார நிறுவனம் ஆதரித்த ஒரு சோதனையில் ஆண்களுக்குக் கருத்தடையாகப் போட்டுப் பார்த்தார்கள். 320 ஆண்கள். ஊசி போட்டால் ஆணின் டெஸ்டோஸ்டிரோன் குறையும், ஆசையும் போகும் என்று முன்கூட்டியே தெரியும். ஆகவே என்ன செய்தார்கள் தெரியுமா? கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசியையும் சேர்த்தே போட்டார்கள். சிலருக்கு ஆசை கூடவே செய்தது. மனச்சோர்வு, முகப்பரு போன்ற பக்க விளைவுகள் வந்தன. பாதுகாப்பைக் கண்காணித்த குழு 2011-ல் புது ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது. (முக்கால்வாசிப் பேர் இந்த முறையைத் தொடரத் தயாராக இருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.) சோதனையை நிறுத்தியதில் தப்பில்லை. மனச்சோர்வு விளையாட்டில்லை. ஆனால் ஆணுக்கான மருந்தைச் செய்யும்போது அவன் ஆசை போய்விடக் கூடாது என்பது முதல் நாளே வரைபடத்தில் இருந்தது. பெண்ணுக்கான மாத்திரை அமெரிக்காவில் 1960-ல் கடைக்கு வந்தது. அவள் ஆசையை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு அளந்த ஒழுங்கான சோதனைகள் இன்றைக்கும் விரல் விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21. இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் கணக்கில் வருவது 0.3 சதவீதம். வாசக்டமி என்றதும் நம் ஆட்கள் ஓடுவதற்குச் சொல்லும் காரணம் என்ன? 'ஆண்மை போயிடும்', 'சக்தி போயிடும்', 'சுமை தூக்க முடியாது'. எமர்ஜென்சியில் பிடித்துக்கொண்டு போய் வெட்டிய பயம் இன்னும் போகவில்லை என்பது ஒரு காரணம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசக்டமியில் செய்வது விந்தணு போகும் குழாயை வெட்டிக் கட்டுவது மட்டும்தான். விரை அப்படியே இருக்கும், டெஸ்டோஸ்டிரோன் அப்படியே சுரந்து ரத்தத்தில் கலக்கும். ஆசைக்கும் விறைப்புக்கும் ஒன்றும் ஆகாது. ஆக, இல்லாத ஒரு விளைவுக்குப் பயந்து ஆண் தப்பித்துக்கொள்கிறான், ஊரும் 'பாவம், ஆம்பளை' என்று விட்டுவிடுகிறது. சிலருக்காவது நிஜமாகவே ஆசையைக் குறைக்கும் மாத்திரையைப் பெண் தினமும் ராத்திரி தண்ணீரோடு விழுங்குகிறாள். அவளிடம் அந்த ஒரு வரியைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57 சதவீதத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தவர்கள். கர்நாடகமும் கிட்டத்தட்ட அதேதான். மாத்திரை சாப்பிடுவோர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நம் அம்மா, சித்தி, அத்தை எல்லோரும் இரண்டாவது குழந்தையோடு 'பண்ணிக்கொண்டு' வந்தவர்கள். அந்த ஆபரேஷன் சூலகத்தைத் தொடுவதில்லை, ஹார்மோன் மாறாது. ஆகவே மாத்திரையால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு அனுபவமே கிடையாது. பிரசவத்துக்கு, பால் கட்டினதுக்கு, பிள்ளைக்கு உரம் விழுந்ததுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு கிழவி இருப்பாள். இதற்கு இல்லை. வேலை, விசா, ஆன்சைட் என்று முதல் குழந்தையைத் தள்ளிப்போட்டு மாத்திரையைக் கையில் எடுத்த முதல் தலைமுறை நாம்தான். பெங்களூரானாலும் சரி, சிங்கப்பூர், நியூஜெர்சியானாலும் சரி, கேட்க ஆளில்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு எடுத்திருக்கிறோம். அவன் 'இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை' என்று நினைக்கிறான். அவள் 'எனக்கு என்னவோ ஆகிவிட்டது' என்று நினைக்கிறாள். சண்டை மட்டும் வேறு எதற்கோ நடக்கும். பாத்திரம் கழுவாததற்கு, மாமியார் போன் பண்ணியதற்கு.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பி.சி.ஓ.டி. என்று சொல்லி கல்யாணத்துக்கு முன்பே மாத்திரை ஆரம்பித்த பெண்கள். மாதவிலக்கு ஒழுங்காகும், முகப்பருவும் முடியும் குறையும். அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளில் சைப்ரோடெரோன் அசிடேட் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் வேலை செய்வதைத் தடுப்பதுதான் அதன் தொழில், முகப்பரு குறைவதே அதனால்தான். இதே மருந்தைப் பல மடங்கு பெரிய அளவில் ஐரோப்பாவில் ஆண்களின் கட்டுக்கடங்காத காம உணர்ச்சியை அடக்கவே கொடுக்கிறார்கள். பி.சி.ஓ.டி. மாத்திரையில் இருப்பது 2 மில்லிகிராம்தான், இரண்டையும் ஒன்றாக்கிப் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் இருபது வயதில் ஆரம்பித்து இருபத்தாறில் கல்யாணம் செய்த பெண், மாத்திரை இல்லாத தன் இயல்பான ஆசை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் மணவறைக்குப் போகிறாள். குறைந்ததா என்று அவள் எதோடு ஒப்பிடுவாள்?

டாக்டர்கள் சொல்லாததற்கு அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆசை குறையும் என்று முன்பே சொல்லிவிட்டால் அந்த எண்ணத்திலேயே குறைந்துவிடும் என்பார்கள். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிட்டு வேண்டாத கர்ப்பத்தோடு வந்து நிற்பார்கள் என்பார்கள். இரண்டாவது பயம் நியாயமானது. வேண்டாத கர்ப்பம் ஆசைக் குறைவைவிடப் பெரிய ஆபத்து, மறுக்க முடியாது. ஆனால் தலைசுற்றல், குமட்டல், இடையில் படும் ரத்தம் எல்லாவற்றையும் சொல்கிறீர்களே? அவற்றைக் கேட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதே 2019-21 ஆய்வில் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவோரில் 62 சதவீதம் பேரிடம் பக்க விளைவுகளைச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை? தடை மருத்துவம் இல்லை, கூச்சம். கேட்பவளுக்கும் வார்த்தை இல்லை. 'காமம்' என்று ஒரு பெண் டாக்டரிடம் சொல்ல முடியுமா? 'மூட் இல்ல டாக்டர்' என்பாள். அதை அவர் 'டென்ஷன்' என்று எழுதிக்கொள்வார். (சங்கக் கவிதை, ஆண்டாள் என்று ஆரம்பித்துவிடுவேனோ என்று பயப்படாதீர்கள், ஆரம்பிக்கவில்லை.)

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆசை குறைய ஆயிரம் காரணம் உண்டு. தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள், பால் கொடுக்கும் காலம், அவுட்டர் ரிங் ரோடில் இரண்டு மணி நேரம். வீட்டில் எல்லா வேலையும் ஒருத்தி தலையில் விழுவதைவிடப் பெரிய ஆசைக்கொல்லி எந்தக் கம்பெனியும் தயாரித்ததில்லை. ஆனால் மாத்திரை ஆரம்பித்த சில மாதங்களில்தான் இது வந்தது என்றால் டாக்டரிடம் அந்தத் தேதியோடு சொல்லுங்கள். மாத்திரையின் வகையை மாற்றிப் பார்க்கலாம். ஹார்மோன் இல்லாத காப்பர்-டி இருக்கிறது. லக்னோவில் நம் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து 1991-ல் 'சஹேலி' என்று கடைக்கு வந்த, ஸ்டீராய்டு இல்லாத வார மாத்திரை இருக்கிறது. இப்போது அரசாங்கம் அதையே 'சாயா' என்று இலவசமாகக் கொடுக்கிறது. ஆணுறை இருக்கிறது. ஒன்றை நிறுத்தும் முன் அடுத்தது கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாடிப் பெண் என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். வேறு டாக்டரைப் பார்த்து காப்பர்-டிக்கு மாறினாள். நாலைந்து மாதம் கழித்து, "இப்ப பரவால்லைக்கா" என்றாள். மாத்திரை போனதாலா, அல்லது அதே மாதம் மாமியார் வேலூருக்குத் திரும்பிப் போனதாலா என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று ஆபீஸில் தினமும் சொல்லிக்கொடுப்பவள் நான்.

இரண்டு குழந்தை போதும் என்று முடிவான வீடுகளுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. கத்தி வைக்காத வாசக்டமி. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, பத்துப் பதினைந்து நிமிட வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று உறுதியாகும் வரை ஆணுறை போட வேண்டும். இதையெல்லாம் போன பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் எங்கள் வீட்டுக்காரரிடம் விவரமாக எடுத்துச் சொன்னேன். ஓசூர் வருவதற்குள் தூங்கிவிட்டார். சாயங்கால வண்டி, வெளியே இன்னும் வெளிச்சம்கூடப் போகவில்லை.